பெருவிடை, நந்தனம் கோழிக் கலப்பில் இரண்டாம் தலைமுறை சொதப்புகிறது, ஏன்?

செங்குன்றம் பக்கம் வீடு, பின்னால் கொஞ்சம் காலி இடம். விற்பனைக்கு இல்லை, வீட்டுக் கறிக்கு மட்டும்தான் வளர்க்கிறேன். கடைக் கோழி சவசவ என்று இருக்கிறது, சுத்தப் பெருவிடை நாட்டுக்கோழியோ எட்டு மாதம் காத்திருந்து அறுத்தால் எட்டு விசில் கேட்கிறது. அதனால் பெருவிடைச் சேவல் ஒன்றை கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் இனப் பெட்டைகள் ஐந்தோடு விட்டேன். வந்த குஞ்சுகள் அருமை, ஐந்தாம் மாதம் சேவல்கள் 2 கிலோவை நெருங்கின, ருசியும் போகவில்லை. சரி, கைவசமே இனம் வந்துவிட்டது என்று அதிலிருந்தே நல்ல சேவல் ஒன்றையும் நாலு பெட்டைகளையும் நிறுத்திக்கொண்டு, பெரிய பெருவிடைச் சேவலை மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது 14 வாரத்தில் 18 குஞ்சுகள். தராசில் வைத்தால் ஒன்று 1,100 கிராம், ஒன்று 450. ஒன்று கொக்கு மாதிரி நெட்டை, ஒன்று எந்நேரமும் சண்டை. அதே தீவனம்தான், ராணிக்கெட் தடுப்பூசியும் போட்டாயிற்று. எங்கே தப்பு?

பதில் 1
தீவனத்தில் தேடாதீங்க தம்பி. இரண்டு வேறு இனங்கள் சேரும்போது முதல் தலைமுறைதான் ஒரே சீராக, வீரியமாக வரும். அந்தக் கலப்புகளையே மறுபடி சேர்த்தால் தாத்தா பாட்டி குணமெல்லாம் சீட்டுக் குலுக்கிய மாதிரி பிரிந்து வரும். போதாததற்கு உங்களுடையது எல்லாம் ஒரே அப்பன் பிள்ளைகள். இசத்நகர் மத்திய பறவை ஆராய்ச்சி நிலையத்தில் (காரி) அசீல் சண்டைக்கோழியையும் காரி ரெட் இனத்தையும் கலந்து விடுகிற காரி நிர்பீக் கோழியும் இப்படித்தான், அங்கே இரண்டு தாய் இனங்களையும் தனித்தனியாக வைத்திருப்பார்கள். நீங்களும் பெருவிடைச் சேவல், நந்தனம் பெட்டை இரண்டையும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்க, கலப்புக் குஞ்சு மொத்தமும் சட்டிக்கு. திருப்பிப் போட்டு பெருவிடைப் பெட்டையை வைக்காதீங்க, அது வருஷத்துக்குப் போடுகிற முட்டை ரொம்பக் கம்மி, குஞ்சுக் கணக்கே தேறாது.

பதில் 2
அண்ணன் சொல்வது சரிதான், ஆனாலும் அந்த 450 கிராம் குஞ்சைக் கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்க. கத்தி முனை மாதிரி குத்தினால் அது பிறவிக் குட்டை இல்லை, பட்டினி. பெரியது கொத்தி விரட்டுவதில் சின்னது தீவனத்தட்டுக்கே வராது. சின்னதுகளைத் தனியாகப் பிரித்து இரண்டு வாரம் பாருங்க. எச்சத்தில் ரத்தம் இருந்தால் ரத்தக்கழிச்சல், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்க.

கேட்டவர்
தடவிப் பார்த்தேன் அக்கா, இரண்டு மட்டும் குத்துகிறது, மற்றது எல்லாம் சதைப்பிடிப்பாகவே குட்டை. பழைய நந்தனம் பெட்டைகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் இந்தக் கலப்புச் சேவலோடுதான் சுற்றுகின்றன. பெரிய சேவலைத் திரும்பக் கொண்டுவந்தால் உடனே அடை வைக்கலாமா?

பதில் 1
கூடாது. கலப்புச் சேவலைப் பிரித்த பிறகும் அதன் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் தங்கும். மூன்று வாரத்து முட்டையை ஆம்லெட்டுக்கு வைத்துக்கொண்டு அதற்கப்புறம் சேர்த்து வையுங்க. நம்ம ஊர் வெயிலில் முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் வெளியில் வைத்தால் பாதி கூமுட்டைதான்.

கேட்டவர்
கலப்புச் சேவல் இந்த ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு. மச்சான்தான் பிரச்சினை, சேவலுக்குப் பேரெல்லாம் வைத்துவிட்டானாம்.