வால்டர் ராலேயின் ‘கடல் சிந்தியாவுக்கு’: காதல் கவிதையா, மன்னிப்பு மனுவா?

கடலோடி:
இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணியின் அரசவைக் கவிஞரும் படைத்தலைவருமான ராலே என்றாலே, ராணிக்காகச் சேற்றில் மேலங்கியை விரித்த கதைதான். அவர் இறந்து 40 வருஷத்துக்கு மேல் கழித்து ஃபுல்லர் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்த கதை அது, அதை விடுங்கள். 1592இல் ராணியின் பணிப்பெண் எலிசபெத் த்ரோக்மார்ட்டனை ரகசியமாக மணந்ததற்காக ராலேயை லண்டன் டவர் என்ற கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். ‘கடல் சிந்தியாவுக்கு’ அந்தச் சமயத்தில் எழுதியது என்றே பலரும் கருதுகிறார்கள். 500 வரிக்கு மேல் போகும் அந்தக் கவிதையில் கடல் என்பது ராலே, நிலவான சிந்தியா என்பது எலிசபெத் ராணி. அந்தக் காலத்து அரசவைக் கவிதைகளில் இவ்வளவு உண்மையாக உடைந்துபோன குரல் வேறு இல்லை என்பேன்.

செங்காந்தள்:
நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டவருக்குப் போன அதே நேரத்தில் அவர் அமைச்சர் ராபர்ட் செசிலுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். ராணி அலெக்சாண்டர் போலக் குதிரை ஏறுவாளாம், வேட்டைத் தெய்வம் டயானா போல வேட்டையாடுவாளாம், காதல் தெய்வம் வீனஸ் போல நடப்பாளாம், காற்று அவள் கூந்தலைக் கன்னத்தில் அலைய விடுமாம். ராணிக்கு அப்போது வயது 58. புது மனைவியும் அதே டவரில்தான் அடைபட்டிருந்தார். கவிதை முழுக்க அழுவது ராணிக்காக, மனைவிக்காக அல்ல. கடைசியில் அவரை வெளியே கொண்டுவந்தது கவிதையும் இல்லை. மாத்ரே தெ தேயூஸ் என்ற போர்ச்சுகீசியக் கப்பலை ஆங்கிலேயர்கள் பிடித்து மிளகும் ரத்தினமுமாக டார்ட்மத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள், அங்கே கொள்ளை நடந்தது, அதை அடக்க மாலுமிகள் மதிக்கும் ஆள் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

மருதன்:
இருவரும் 1580ஐ மறந்துவிட்டீர்கள். அயர்லாந்தின் ஸ்மெர்விக்கில் சரணடைந்த சுமார் 600 வீரர்களை ஆங்கிலப் படையினர் வெட்டிக் கொன்றார்களே, அதை முன்னின்று நடத்திய கேப்டன்களில் ராலேயும் ஒருவர். அப்புறம் அதே அயர்லாந்தின் மன்ஸ்டர் பகுதியில் சுமார் 40,000 ஏக்கர் அவருக்குக் கிடைத்தது. இதைத் தள்ளி வைத்துவிட்டு அவருடைய கண்ணீரைப் பற்றி மட்டும் பேச எனக்கு மனசு வரவில்லை.

கடலோடி:
மருதன், அந்தப் பழி அவரை விட்டுப் போகாது, போகவும் கூடாது. ஆனால் இங்கே கேள்வி கவிதையைப் பற்றியது. மனு என்றால் திருத்திச் சுத்தமாக நகலெடுத்து மேலே அனுப்புவார்கள். இது ராலேயின் கையெழுத்திலேயே ஹாட்ஃபீல்ட் மாளிகையில் செசில் குடும்பத்துக் காகிதங்களோடு கிடந்து 1870இல்தான் அச்சானது, ராணி படித்ததற்கு ஒரு தடயமும் இல்லை. சில பத்திகளில் வரி குறைகிறது, அடுத்த பகுதி தொடங்கிச் சில வரிகளிலேயே நின்றுபோகிறது. அரசவையிலிருந்து விடைபெறுவதாக எழுதிய இன்னொரு கவிதையில் வரும் ‘போனவை எல்லாவற்றிலும் துயரம் மட்டுமே தங்கியது’ என்ற வரி, பன்னிரண்டு வருஷத்தை வீணாக்கினேன் என்று சொல்லும் இடத்தில் இங்கேயும் வருகிறது. தன் பழைய வரிக்கே திரும்பிப் போகிறவன் யாரை மயக்க எழுதுகிறான்?

செங்காந்தள்:
செசில் வீட்டில் கிடைத்தது என் பக்கத்துச் சாட்சி. ராணியிடம் பேசக்கூடியவரின் கையில்தான் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தப் பன்னிரண்டு வருஷக் கணக்கும் எனக்குக் காதலாகப் படவில்லை, சேவைக்காலக் கணக்காகத்தான் படுகிறது. 1618இல் தலை வெட்டப்படுவதற்கு முந்தைய இரவு பைபிளில் எழுதி வைத்ததாகச் சொல்லும் பாட்டுகூட, அவருடைய பழைய காதல் கவிதையின் கடைசிப் பத்திதான். ‘கொடிய காலமே’ என்ற தொடக்கத்தை ‘காலம் இப்படித்தான்’ என்று மாற்றி, கர்த்தர் என்னை எழுப்புவார் என்று நம்புகிறேன் என இரண்டு வரி சேர்த்தார். அதுவும் ஒரு மனுதானே? இந்த முறை மேலே இருப்பவர் வேறு.

கடலோடி:
சேர்த்த இரண்டு வரியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மீதி ஆறு வரி, நம் இளமையையும் சந்தோஷத்தையும் நம்பி வாங்கிக்கொண்ட காலம், பதிலுக்கு முதுமையையும் மண்ணையும் கொடுத்து, இருண்ட கல்லறையில் நம் கதையை மூடிவிடுகிறது என்கிறது. அதில் கெஞ்சல் எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள்.