மாமாவின் வீட்டு முற்பணம்: சுவர் ஈரத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி

ஹட்டன் நகருக்கு அண்மையில், தாய்மாமாவுக்குச் சொந்தமான வீட்டில் மனைவி பிள்ளைகளுடன் மூன்று ஆண்டுகள் வாடகைக்கு இருந்தேன். மாத வாடகை 20,000 ரூபா. ஆறு மாத வாடகையான 120,000 ரூபாவை முற்பணமாக அவரது வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டேன். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று இரு தரப்பும் இருந்துவிட்டதால் ஒப்பந்தம் எதுவும் கிடையாது.

இப்போது தொழில் காரணமாகத் தலவாக்கலைக்குக் குடிபெயர்ந்திருக்கிறோம். அறைச் சுவர்களில் கறுப்புப் பூஞ்சணம், முன்னறைச் சீலிங்கில் நீர்க்கறை, உடைந்த வாஷ் பேசின் ஆகியவற்றைக் காட்டி, வீடு முழுவதற்கும் பெயின்ட் அடிக்கும் செலவையும் சேர்த்து 95,000 ரூபாவைக் கழித்துக்கொண்டு மிகுதியை மட்டுமே தருவதாக மாமா சொல்கிறார். பேசினை உடைத்தது என் மகன். அதற்குரிய பணத்தைக் கொடுக்கச் சம்மதம். ஆனால் வீட்டின் பின்சுவர் வெட்டிய மண்மேட்டை ஒட்டி நிற்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதில் நீர் கசிவதை வாட்ஸ்அப்பில் படத்துடன் தெரிவித்திருந்தேன். "மழை விடட்டும், பார்க்கலாம்" என்பதே அவரது பதிலாக இருந்தது.

காசுக்காக அண்ணனின் முகத்தில் விழிக்க முடியாமல் செய்துவிடாதே என்கிறார் அம்மா. முற்பணத்தில் பெரும் பகுதி தன் சீட்டுக் காசு என்பதால் மனைவி விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மாமாவின் மகளுக்குத் தை மாதத்தில் திருமணம். சட்டப்படி என்ன நிலை, உறவு முறியாமல் எப்படிக் கேட்பது என்று அறிந்தவர்கள் கூறுங்கள்.

பதில் 1

ஒப்பந்தம் இல்லை என்பதால் உங்களுக்கு உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு எழுதாமல் குடியிருந்து மாதாமாதம் வாடகை செலுத்தியவர் மாதவாடகைக் குடியிருப்பாளராகவே கருதப்படுகிறார். முற்பணம் கொடுத்ததற்கு வங்கிப் பதிவே போதிய சான்று. எழுத்தில் இல்லாத கொடுக்கல் வாங்கலுக்கு வழக்குத் தொடுக்கும் கால எல்லை மூன்று ஆண்டுகள். எனவே திருமணம் முடியட்டும் என்று சில வாரங்கள் பொறுத்திருப்பதால் எதுவும் கெட்டுவிடாது. ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கத்தான் இடம் கொடுக்கக்கூடாது.

வழமையான பாவனையால் ஏற்படும் தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பல்ல என்பதும், வீட்டைக் குடியிருக்கத்தக்க நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்பதும் நம் நாட்டு வாடகைச் சட்டத்தின் அடிப்படைகள். குடியிருந்தவரின் கவனயீனத்தால் விளைந்த சேதத்துக்கு மட்டுமே கழிக்கலாம்.

பேச்சில் தீராவிட்டால், பிரதேச செயலகப் பிரிவில் இயங்கும் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பியுங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இச்சபையில் சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. மத்தியஸ்தர்களில் ஒருவரை நீங்களும் இன்னொருவரை மாமாவும் தெரிவு செய்ய, அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். இவ்வளவு சிறிய தொகைக்கு, அங்கே போய் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைப் பெறாமல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவும் முடியாது. பொலிஸ் நிலையத்துக்கு மட்டும் போகாதீர்கள்; பணத் தகராறில் அவர்களால் தீர்ப்புச் சொல்ல இயலாது, மாமாவின் மனதில் அந்த அவமானம்தான் கடைசிவரை நிற்கும்.

பதில் 2

நானுஓயாவில் கட்டட வேலை செய்பவன். ஈரம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் யார் பொறுப்பு என்று பேசிப் பயனில்லை. அதைச் சுவரே சொல்லிவிடும். அடித்தளத்திலிருந்து ஓரிரு அடி உயரத்துக்குக் கோடு போட்டதுபோல் கறை எழும்பி, பூச்சு உதிர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது நிலத்து நீர். மண்மேட்டுக்கும் சுவருக்கும் இடையே வடிகான் வெட்டாமல் எத்தனை தரம் பெயின்ட் அடித்தாலும் அடுத்த தென்மேல் பருவமழையோடு அது உரிந்து வரும். சீலிங்கில் பழுப்பு வளையமாக இருந்தால், தகரத்தின் ஆணித் துளையோ அடைபட்ட பீலியோதான் காரணம். இவை இரண்டும் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலைகள்.

அலுமாரியின் பின்னாலும் படுக்கையறை மூலைகளிலும் மட்டும் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால் கதை வேறு. குளிருக்கு யன்னலைப் பூட்டிவைத்து, நனைந்த உடுப்புகளை அறைக்குள்ளேயே காயப்போட்டால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து அப்படித்தான் பூஞ்சணம் பிடிக்கும். மலையகத்தில் ஆடி மாதத்தில் வேறெங்கே காயப்போடுவது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்தப் பகுதியைக் கழுவி ஒரு தரம் பெயின்ட் அடிக்கும் செலவில் உங்களுக்கும் பங்குண்டு. அதிலும் சுவரின் பெயின்ட் ஏற்கெனவே மூன்று ஆண்டுகள் பழையது என்பதால் புதுப் பெயின்ட்டின் முழு விலையையும் உங்கள் தலையில் சுமத்துவது முறையல்ல.

பதில் 3

பண்டாரவளையில் என் தம்பி மகளுக்கு வீடு கொடுத்து அனுபவப்பட்ட பெண் நான், ஆகவே மறுபக்கத்தையும் சொல்கிறேன். சொந்தக்காரருக்கு வீடு கொடுப்பவர் பெரும்பாலும் ஊர் வாடகையைவிடக் குறைவாகவே வாங்குகிறார், அந்தக் குறைவு யார் கணக்கிலும் வருவதில்லை. உங்கள் மாமாவும் அப்படிக் கொடுத்திருந்தால் அவர் மனதில் ஒரு தொகை ஓடிக்கொண்டிருக்கும். அவர் அதைச் சொல்லமாட்டார், பெயின்ட் கணக்கில்தான் அது வெளிவரும். மகளின் திருமணச் செலவில் உங்கள் முற்பணமும் கரைந்திருக்கலாம். ஆகவே தனியாகப் போய்க் கணக்குக் கேட்காதீர்கள். இருவரும் மதிக்கும் மூத்தவர் ஒருவரை அழைத்துச் சென்று, அந்த வீட்டுக்குள்ளேயே நின்று, ஒவ்வொரு சுவராகப் பார்த்து எழுதுங்கள். "மாமா, பேசின் செலவும் இந்த மூலையின் செலவும் என்னுடையவை, பின்சுவரும் கூரையும் உங்களுடையவை" என்று நீங்களே முதலில் உங்கள் பங்கைச் சொன்னால் அவருக்கும் இறங்கிவர வழி கிடைக்கும். மிகுதியை இரண்டு மூன்று தவணைகளில் தரக் கேட்டால் சம்மதியுங்கள், ஆனால் திகதிகளை எழுதிக் கையொப்பம் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. கசிவு பின்சுவரின் அடியிலும் சீலிங்கிலும்தான் அதிகம். ஒரு படுக்கையறை மூலையில் மட்டும் புள்ளிகள் உண்டு. பெரியம்மாவின் கணவரை அழைத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். முற்பணம் கைக்கு வரும்வரை சாவியை நானே வைத்திருக்கலாமா?

பதில் 1

வேண்டாம். சாவி உங்கள் கையில் இருக்கும் மாதங்களுக்கும் வாடகை கேட்க அது வழிவிடும். அந்த ஞாயிறன்றே எல்லா அறைகளையும் படமெடுத்து, மின்மானி, நீர்மானி வாசிப்புகளைக் குறித்து, கடைசிப் பட்டியல்களைக் கட்டிய பற்றுச்சீட்டுகளுடன் சாவியை ஒப்படையுங்கள். பெற்றுக்கொண்டதாக மாமாவும் சாட்சியாகப் பெரியப்பாவும் ஒரு தாளில் கையொப்பமிட்டால் போதும்.