மலை ஏறும்போது மட்டும் சூடாகும் 98 மாருதி 800: ஹெட்டைப் பிரிக்கணுமா?

கோரிமேட்டுக்காரன்:
வணக்கங்க. அப்பா 1998ல் வாங்கின மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. அப்பா இப்போது இல்லை. வண்டியை விற்க அம்மாவுக்கு மனசு வரவில்லை, எனக்கும்தான். 2023ல் ஆர்.சி. புதுப்பித்ததால் 2028 வரை ஓட்டலாம். சித்தி வீடு ஏற்காட்டில், மாசம் ஒரு தடவை அம்மாவைக் கூட்டிப் போகணும். அடிவாரம் தாண்டி எட்டு, பத்து கொண்டை ஊசி ஏறினாலே டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது. பைபாஸில் எவ்வளவு ஓட்டினாலும் பாதியிலேயே நிற்கும். சேலம் அஞ்சு ரோடு நெரிசலில் முள் மெதுவாக ஏறும். காட்டின பட்டறையில் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைப் பிரிக்கணும், 25,000 ஆகும் என்கிறார்கள். கையில் 6,000தான் இருக்கு.

நாகலூர் டிரைவர்:
தெர்மோஸ்டாட்டை, அதான் இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணியைத் திறந்து விடுற வால்வை, கழற்றிப் போட்டுட்டு ஓட்டுங்ணா. எஸ்டேட் ஜீப்புல அப்படித்தான் செஞ்சோம்.

பட்டறைப் பெரியவர், செவ்வாய்ப்பேட்டை:
கழற்றாதீங்க தம்பி. இன்ஜின் சரியான சூட்டுக்கே வராம பெட்ரோல் குடிக்கும், தேய்மானமும் கூடும். சந்தேகம்னா கழற்றி, கொதிக்கிற தண்ணியில போட்டுப் பாருங்க. வாய் திறந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம்.

நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு. பைபாஸ்ல காத்தே ரேடியேட்டரைக் குளிர வைக்குது. நெரிசல்லயும், ரெண்டாவது கியர்ல மலை ஏறும்போதும் ஃபேன்தான் அந்த வேலையைச் செய்யணும். வண்டியை நிறுத்தி ஐட்லிங்ல விடுங்க. முள் பாதியைத் தாண்டியும் ஃபேன் சுத்தலைன்னா, சூடானதும் ஃபேனைப் போட்டு விடுற தெர்மோ சுவிட்ச் சாக்கெட்டைப் பிடுங்கி ரெண்டு ஒயரையும் சேர்த்துப் பாருங்க. சுத்தினா சுவிட்ச் போச்சு. சுத்தலைன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார் பாருங்க.

ஹெட்டுக்கு அடியில இருக்கிற தகடு, அதான் ஹெட் கேஸ்கெட், போனா ஆயில் பால் கலந்த மாதிரி ஆகும், வெள்ளைப் புகை வரும், ரேடியேட்டர்ல குமிழி வரும். இதுல ஒண்ணாவது இருக்கா? இல்லைன்னா யார் சொன்னாலும் பிரிக்க விடாதீங்க. இன்னொண்ணு, இத்தனை வருஷமா என்ன தண்ணி ஊத்தினீங்க? நம்ம ஊர் போர் தண்ணி உப்பு. ரேடியேட்டர் குழாய்க்குள்ள சுண்ணாம்பா படிஞ்சு அடைச்சிடும். சூடா இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்காதீங்க, முகம் வெந்துடும்.

கோரிமேட்டுக்காரன்:
ஐயா, நீங்கள் சொன்னதேதான். ஃபேன் சுத்தவே இல்லை, ஒயரைச் சேர்த்ததும் சுத்தியது. ஆயில் சுத்தமாக இருந்தது, புகையும் குமிழியும் இல்லை. அப்பா கடைசி வரை வீட்டு போர் தண்ணிதான் ஊத்தினார். பித்தளை ரேடியேட்டர் என்பதால் டாங்கைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தார்கள், சுண்ணாம்பு பாளம் பாளமாக வந்தது. சுவிட்ச் 350, ரேடியேட்டர் வேலை 900, புது மூடி 200, கூலன்ட் 600. கூலன்டில் டிஸ்டில்டு வாட்டர் பாதிக்குப் பாதி கலந்து ஊத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு 20 கொண்டை ஊசியும் ஏறினோம். முள் பாதிக்கு மேலே போகவில்லை. வளைவு வளைவாக அம்மா முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இறங்கும்போது பிரேக் பெடல் கொஞ்சம் பஞ்சு மாதிரி அமுங்கியது. அதற்கு என்ன செய்யலாம்?

பட்டறைப் பெரியவர், செவ்வாய்ப்பேட்டை:
சந்தோஷம் தம்பி. பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு? அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். இறக்கத்துல பிரேக் சூடானா அந்த ஈரம் ஆவியாகும், பெடல் பஞ்சாகும். பழசை முழுக்க வெளியேத்தி, புது டாட் 3 பிரேக் ஆயில் ஊத்தி, நாலு சக்கரத்து பிரேக் லைன்லயும் காத்து எடுங்க. பிரேக் லைனிங்கையும் பிரேக் சிலிண்டர் கசிவையும் பாருங்க. இறங்கும்போது ஏறின கியர்லயே இறங்குங்க. இதை முடிக்காம அம்மாவை மலைக்குக் கூட்டிப் போகாதீங்க.