பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வண்டிகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அனைவருக்கும் வணக்கம். மனைவி உரிமம் பெற்று மூன்று மாதம் ஆகிறது. காரில் புது ஓட்டுநர் என்று காட்டும் ஆரஞ்சு முக்கோணம் ஒட்டியிருக்கிறது. தினமும் சிங்கப்பூரில் தெம்பனிசிலிருந்து ஜூரோங் வரை தீவு விரைவுச்சாலையில் ஓட்டுகிறாள். நான் பக்கத்து இருக்கையில், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு.

இடது தடத்தில் 60 கிலோமீட்டர் வரம்புள்ள பெரிய லாரிகள். நடுத்தடத்தில் வரம்பை ஒட்டியே போனாலும் பின்னால் ஒரு கார் வந்து ஒட்டிக்கொள்கிறது. நேற்று வந்ததன் எண் பலகைகூடக் கண்ணாடியில் தெரியவில்லை. முன்பக்கக் கம்பி வலையும் இரண்டு விளக்குகளும் மட்டும்தான். விளக்கை நான்கு முறை மின்னினான். வலத்தடம் காலியாகத்தான் கிடந்தது! இவள் பதறி வேகத்தைக் கூட்டப் பார்த்தாள். முதல் ஆண்டிலேயே 13 குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் போய்விடும். அபராதத்தை அவனா கட்டப்போகிறான்?

வீட்டருகே, முதியவர்கள் அதிகம் நடமாடும் 'முதியோர் வட்டார'ச் சாலையில் இன்னும் மோசம். ஒரு பாட்டி தள்ளுவண்டியோடு சாலையைக் கடந்துகொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.

இடப்பக்கம் லாரி வரிசையாக இருக்கும்போது வழிவிடுவது எப்படி? மெல்லக் காலை எடுத்து முன்னிடைவெளியைக் கூட்டு என்கிறார் மச்சான். அது பின்னால் இருப்பவரை மேலும் சீண்டாதா? இரவிலும் எண் பலகை தெளிவாகப் பதியும் பின்பக்கக் கேமரா எது? காணொளியோடு காவல்துறையில் புகார் கொடுத்தவர்கள் இருந்தால், பிறகு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். "எம்ஆர்டி ரயிலில் போங்கள்" என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அதை மாமியாரே தினமும் சொல்கிறார்.