படகுல மட்டும் போகக்கூடிய ஆத்தங்கரையில டென்ட் போட்டு 2 ராத்திரி, எதையெல்லாம் யோசிக்காம விட்டுருப்போம்?

புதுத்துடுப்பு:

வணக்கம். நாங்க இதுவரைக்கும் கேம்பிங் போனதெல்லாம் கார் நிக்கிற இடத்துலதான். எதையாவது மறந்துட்டாக்கூட வண்டியை எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வந்துரலாம், மழை வலுத்துட்டா காருக்குள்ள ஏறிக்கலாம். இந்தத் தடவை ரோடே கிடையாத ஆத்தங்கரை, படகுல போனாத்தான் உண்டு. நான், மனைவி, 9 வயசுப் பையன், என் தம்பி, ஆக 4 பேர். 14 அடி அலுமினியப் படகு, சின்ன அவுட்போர்டு மோட்டார். தம்பி நல்லா ஓட்டுவான், ஆனா ஏரியில ஓட்டித்தான் பழக்கம், ஓடுற தண்ணியில ஓட்டினது இல்ல.

ரெண்டு இடம் பாத்து வச்சிருக்கோம். ஒண்ணு படகு இறக்குற இடத்துல இருந்து மேலாத்துப் பக்கம் 20 கிமீ, ஆறு வளையுற இடத்துல உள்பக்கமா பெரிய மணல்திட்டு, போட்டோவுல பாக்கவே அவ்வளவு அழகு, பையன் அதைப் பாத்ததுல இருந்து அங்கதான் போகணும்னு நிக்கிறான். இன்னொண்ணு கீழாத்துப் பக்கம் 12 கிமீ, மேடான கரை, மரம் நிறைய இருக்கு, ஆனா சாமானையெல்லாம் தூக்கிட்டு ஏறணும். ரெண்டு இடத்துலயும் போன் சிக்னல் இல்ல.

எந்த டென்ட், எந்த ஸ்டவ்வுன்னு கேக்கல, அதெல்லாம் கைவசம் இருக்கு. கார்ல போறதுக்கும் படகுல போறதுக்கும் நிஜமாவே எது மாறுதுன்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. குழந்தையும் கூட வர்றதால சரியா செய்யணும்னு நினைக்கிறேன்.

கரையோரம்:

தம்பி, படுக்கும்போது பாத்த ஆறும் விடிஞ்சு எந்திரிச்சுப் பாக்குற ஆறும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. மாறுறது இதுதான், மத்தது எல்லாம் இதுக்கப்புறம்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். 3 பேர் போயிருந்தோம், நீங்க சொல்ற மாதிரியே உள்வளைவு மணல், தண்ணியில இருந்து பத்துப் பதினஞ்சு அடி தள்ளி டென்ட், படகோட மூக்கை மட்டும் மணல்ல ஏத்தி விட்டு நங்கூரத்தை மணல்ல ஊணி வச்சிட்டுப் படுத்துட்டோம். வானம் பூரா நட்சத்திரம், ஒரு சொட்டு மழை இல்ல. விடியக்காலம் 3 மணி இருக்கும், முதுகுக்கு அடியில சில்லுன்னு இருக்கேன்னு முழிச்சா டென்ட்டோட தரையே ஆடுது. டார்ச் அடிச்சுப் பாத்தா படகு மிதந்து போய்ட்டு இருக்கு, நங்கூரம் மணலைக் கீறிக்கிட்டே பின்னாடி போகுது. கூட வந்தவன் இடுப்பளவு தண்ணியில இறங்கிப் புடிச்சான், ராத்திரி ஓடுற தண்ணியில அப்படி இறங்கவே கூடாதுன்னு இன்னைக்குத் தெரியும், அன்னைக்கு அவன் இறங்கலைன்னா 3 பேரும் அந்தத் திட்டுலயே மாட்டியிருப்போம், திட்டும் கொஞ்ச நேரத்துல முங்கிடுச்சு. மழை பேஞ்சது எங்கயோ மேல. அந்தத் தண்ணி வந்து சேரத்தான் அவ்வளவு நேரம்.

அதனால நம்ம தலைக்கு மேல வானம் எப்படி இருக்குன்னு பாத்தா பத்தாது, அந்த ஆத்துக்குத் தண்ணி வர்ற மேல் பகுதி முழுக்க மழை எப்படின்னு பாக்கணும். மேல அணை இருந்தா மழையே இல்லாமலும் தண்ணி ஏறும். அமெரிக்காவுல கொலராடோ ஆத்துல கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியாப் போறவங்களுக்கு இது தினசரி விஷயம், மேல இருக்கிற க்ளென் கேன்யன் அணையில மின்சாரத் தேவைக்கு ஏத்த மாதிரி தண்ணி விடுறதால ஒரே நாள்லயே மட்டம் ஏறி இறங்கும், அதைக் கணக்குப் பண்ணித்தான் அங்க ராத்திரி படகு கட்டுவாங்க. நீங்க போற ஆத்துக்கு மேல அணை இருக்கா, எப்போ தண்ணி விடுவாங்கன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே விசாரிச்சிருங்க.

போய் இறங்கின உடனே டென்ட் பையைத் திறக்காதீங்க. தண்ணி விளிம்புல ஒரு குச்சி ஊணுங்க, அரை மணிக்கொரு தடவை பாருங்க. அப்புறம் அண்ணாந்து புதரையும் மரக்கிளையையும் பாருங்க, காஞ்ச புல்லு, சருகு, குப்பை எல்லாம் ஒரே உயரத்துல வரிசையா சிக்கியிருக்கும், போன வெள்ளம் அந்த உயரம் வரைக்கும் வந்துருக்குன்னு அர்த்தம், டென்ட் அதுக்கு மேலதான். திடீர்னு தண்ணி கலங்குறது, சுள்ளியும் இலையும் மிதந்து வர்றது, சத்தம் மாறுறது, இதுல எது வந்தாலும் உடனே மேல போயிரணும்.

உள்வளைவுல தண்ணி மெதுவா ஓடுறதாலதான் அங்க மணல் தங்குது, படகு ஒதுக்க அதைவிட நல்ல இடம் இல்ல, ஆனா அந்த மணலைக் கொண்டாந்து போட்டதே வெள்ளம்தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க. மேட்டுக்கரைன்னா அது வெளிவளைவா இருந்துச்சுன்னா தண்ணி அடியில அரிச்சிக்கிட்டே இருக்கும். படகுல இருந்து பாக்கும்போதே புது மண்ணு தெரியுதா, வேர் அந்தரத்துல தொங்குதான்னு பாருங்க, அப்படி இருந்தா விளிம்புகிட்டப் போகவே போகாதீங்க.

மோட்டார்கை:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி, நான் படகு பக்கத்தைச் சொல்றேன்.

ஏரியில ஓட்டினவங்க முதல்ல ஏமாறுறது தூரத்துலதான். படகு நின்ன தண்ணியில மணிக்கு 15 கிமீ போகுதுன்னு வைங்க, ஆத்து இழுப்பு 5 கிமீன்னா எதிர்த்துப் போகும்போது 10, இழுப்போட வரும்போது 20. அதே 20 கிமீ மேல போக 2 மணி நேரம், திரும்ப 1 மணி நேரம். பெட்ரோல் கணக்கை இதை வச்சுப் போடுங்க, பொதுவா மூணுல ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்புன்னு வச்சுக்குவாங்க. நீங்க கீழாத்து இடத்துக்குப் போனா முதல் நாள் ரொம்ப சுலபமா போய்ச் சேந்துருவீங்க, சாமான், களைப்பு எல்லாத்தோடவும் எதிர்த்து வர வேண்டியது கடைசி நாள், அன்னைக்கு ஆறு ஏறியிருந்தா மோட்டார் தாங்குமான்னே சந்தேகம். மேலாத்துல தங்கினா மோட்டார் படுத்துட்டாக்கூட துடுப்பு வச்சுத் திசையைப் புடிச்சிக்கிட்டு இழுப்போட இறங்கி வந்துரலாம். அதுக்காகவே என் ஓட்டு மேலாத்துக்குத்தான். இதுல ஒண்ணு மட்டும் கட்டாயம் பாக்கணும், படகு இறக்குற இடத்துக்குக் கீழ தடுப்பணை மாதிரி ஏதாவது இருக்கா? பாக்க ரெண்டடி உயரம்தான் இருக்கும், ஆனா விழுற தண்ணி அடியில சுருண்டு திரும்பத் திரும்ப உள்ளயே இழுக்கும், லைஃப் ஜாக்கெட் போட்டவங்களைக்கூட விடாது. அப்படி இருந்தா மோட்டார் இல்லாம படகு இறக்குற இடத்தைத் தாண்டிக் கீழ போயிரக் கூடாது, கரை ஒதுங்குற இடத்தை முன்கூட்டியே பாத்து வச்சுக்கணும்.

அடுத்தது எடை. படகுல எவ்வளவு ஏத்தலாம்னு ஒரு தகடு அடிச்சிருப்பாங்க, அதுல இருக்கிற கிலோ மனுஷங்களுக்கு மட்டும் இல்ல, சாமானும் சேந்தது, மோட்டாரும் சேந்ததான்னு தகட்டுலயே இருக்கும் படிச்சுப் பாருங்க. நீங்க 4 பேர்னாலே 230, 240 கிலோ வந்துரும். 25 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 19 கிலோ. ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் தண்ணின்னா 2 நாளைக்கு 32 கிலோ. 14 அடி படகுல இதுவே இறுக்கமான கணக்கு. தூக்க முடியாததை ரெண்டு நடையா கொண்டு போங்க, இல்லைன்னா வீட்டுலயே விட்டுருங்க. கனமானது எல்லாம் கீழ, நடுவுல. எதையும் படகோட சேத்துக் கட்டாம குவிச்சு வைக்காதீங்க.

கரையில ஒதுக்கும்போது மூக்கு எப்பவும் மேலாத்தைப் பாத்து இருக்கணும், இழுப்போட போய்ச் சொருகப் பாத்தா படகு குறுக்க திரும்பிரும். தண்ணிக்குள்ள சாஞ்சு கிடக்கிற மரத்துக்கிட்டப் போகவே வேணாம், தண்ணி கிளைக்கு நடுவுல பூந்து போயிரும், படகும் ஆளும் போக முடியாம அதுல அழுந்திருவாங்க. மோட்டாரை நிறுத்துற கில் கார்டு உங்க தம்பி கையிலயோ ஜாக்கெட்லயோ மாட்டியே இருக்கணும், ஓட்டுறவன் விழுந்து படகு மட்டும் போய்ட்டா அதைவிடக் கொடுமை இல்ல.

மழைச்சாரல்:

சகோ, நான் ஒரு அம்மாவா பையனைப் பத்தி மட்டும் எழுதுறேன்.

நீச்சல் குளத்துல நீந்துற குழந்தைங்களை நினைச்சாத்தான் எனக்கு ஜாஸ்தி பயம், ஏன்னா அதுங்களுக்குப் பயம் இருக்காது. படகுல போறப்ப லைஃப் ஜாக்கெட் எல்லாரும் போட்டுருவோம், கரை ஏறின உடனே கழட்டிருவோம், தப்பு நடக்கிறது அங்கதான். எங்க வீட்டுல ஒரே சட்டம், தண்ணிக்குப் பக்கத்துல இருக்கிற வரைக்கும் ஜாக்கெட் கழட்டக் கூடாது, பெரியவங்களும் அப்படியே. அளவு சரியான்னு பாக்க ஜாக்கெட்டோட தோள் ரெண்டையும் புடிச்சு மேல தூக்குங்க, காது வரைக்கும் ஏறி வந்துச்சுன்னா பெருசு. தொடைக்கு நடுவுல வர்ற பட்டி இருக்கிறதா வாங்குங்க.

ஓடுற தண்ணியில விழுந்துட்டா எந்திரிச்சு நிக்கப் பாக்கக் கூடாதுன்னு அவனுக்குச் சொல்லிக் குடுங்க. கல்லு இடுக்குல கால் மாட்டிக்கிட்டா தண்ணி அப்படியே ஆளைக் குப்புறத் தள்ளிரும். மல்லாந்து, கால் ரெண்டும் தூக்கி, கால் தண்ணி போற திசையைப் பாத்த மாதிரி மிதந்து, அமைதியான தண்ணி வந்தப்புறம் கரைக்கு நீந்தணும். இதை வீட்டுல பாய் விரிச்சுப் படுத்தே 10 தடவை செஞ்சு பாத்தோம், என் பொண்ணுக்கு அது விளையாட்டாவே ஆயிடுச்சு.

தண்ணி ரொம்ப சில்லுன்னு இருக்கிற ஆறா இருந்தா, குளிர்ந்த தண்ணியில உடம்பு என்ன ஆகும்னு ஆராய்ச்சி பண்ற கனடா பேராசிரியர் கார்டன் கீஸ்ப்ரெக்ட் சொல்ற 1, 10, 1 கணக்கைத் தெரிஞ்சுக்கோங்க. முதல் 1 நிமிஷம் மூச்சு வாங்குறதைக் கட்டுப்படுத்தணும், அதுக்கப்புறம் கை கால் சொன்னபடி கேக்கிறது 10 நிமிஷம்தான், குளிர்ல மயக்கம் வர்றதுக்கு 1 மணி நேரம் ஆகும். ஜாக்கெட் இல்லைன்னா அந்த 1 மணி நேரம் நமக்குக் கிடைக்கவே கிடைக்காது.

குளிருதுன்னு ஸ்டவ்வை டென்ட்டுக்குள்ள பத்த வைக்காதீங்க. அதுல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு விஷவாயு, அதுக்கு வாசனையே கிடையாது.

கூழாங்கல்:

சுருக்கமா ரெண்டு விஷயம். 32 கிலோ தண்ணி தூக்க வேணாம், முதல் நாளுக்கு மட்டும் கொண்டு போய்ட்டு மீதியை ஆத்துலயே எடுத்து நல்லாக் கொதிக்க வைங்க, தளதளன்னு கொதி வந்து 1 நிமிஷம், 2000 மீட்டருக்கு மேல உள்ள இடம்னா 3 நிமிஷம். ஃபில்டர் வச்சிருந்தா பாக்டீரியாவையும், ஜியார்டியாங்கிற வயித்துப்போக்குக் கிருமியையும் புடிச்சிரும், ஆனா சாதாரண ஃபில்டர்ல வைரஸ் தப்பிரும். கலங்கின தண்ணியை ஒரு பாத்திரத்துல தெளிய விட்டு எடுத்தா ஃபில்டர் அடைக்காது. மேல தொழிற்சாலை, சுரங்கம் இருக்கிற ஆறுன்னா இது எதுவுமே உதவாது, அப்போ தூக்கிட்டுத்தான் போகணும்.

கழிவறை விஷயத்தை யாரும் பேசமாட்டாங்க, நான் பேசுறேன். தண்ணியில இருந்து குறைஞ்சது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செமீ ஆழம் குழி தோண்டி மூடணும், பாத்திரம் கழுவின தண்ணியும் அதே தூரம் தள்ளித்தான். மணல்திட்டுல இதுகூட செய்யாதீங்க, மணல்ல அது மக்குறதும் இல்ல, அடுத்த வெள்ளத்துல நேரா ஆத்துக்குள்ள போகுது. மூடி இறுகுற டப்பாவுல போட்டுத் திருப்பிக் கொண்டாந்துரணும், கிராண்ட் கேன்யன்ல அது சட்டமே. நாம விட்டுட்டு வர்றது கீழ இருக்கிறவங்க குடிக்கிற தண்ணியில போய்ச் சேருது, இதை நினைச்சா எனக்கு மனசு தாங்காது.

புதுத்துடுப்பு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எல்லாத்தையும் மனைவிக்கும் தம்பிக்கும் வாசிச்சுக் காட்டினேன். ராத்திரி படகை என்ன செய்றது? முழுசா கரையில ஏத்திரணுமா, தண்ணியில மிதக்க விட்டுக் கட்டணுமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அப்புறம், சிக்னல் இல்லாத இடத்துல ஏதாவது ஆச்சுன்னா?

கரையோரம்:

ஏத்த முடிஞ்சா ஏத்திருங்க தம்பி. சாமானை எல்லாம் இறக்கிட்டா வெறும் அலுமினியப் படகை மூணு பெரியவங்க சேந்து இழுத்துரலாம். இழுத்துட்டு உயிருள்ள மரமா பாத்து அடிமரத்துல கட்டுங்க, மூக்குல ஒரு கயிறு, பின்னாடி ஒரு கயிறு. கட்டுறதுக்கு போலைன் முடிச்சு கத்துக்கோங்க, எவ்வளவு இழுத்தாலும் நழுவாது, காலையில சுலபமா அவிழும். கரையில ஏத்தினப்புறம் அடியில இருக்கிற அடைப்பானைக் கழட்டி விட்டுருங்க, மழைத் தண்ணி வடிஞ்சிரும். கழட்டின அடைப்பானை மோட்டார் பக்கத்துலயே கட்டி வைங்க, அதை மாட்டாம படகை இறக்கி முங்க விட்டவங்க நிறைய பேர்.

மிதக்க விட்டுத்தான் ஆகணும்னா, கயிறை விறைப்பா கட்டாதீங்க, தண்ணி இறங்கிட்டா படகு கரையில தொங்கிச் சாஞ்சிரும், ஏறிட்டா மூக்கை உள்ள இழுத்துரும். ராத்திரி ஒரு தடவையாவது எந்திரிச்சுப் பாக்கணும். ஆறு கடலுக்குப் பக்கமா இருந்தா ஓதமும் வரும், ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிஷம், நடுவுல படகு சேத்துல உக்காந்துரும்.

மோட்டார்கை:

மிதக்க விடுறதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன். 1 சதுர மீட்டர்ல 1 செமீ மழைன்னா 10 லிட்டர். உங்க படகு 5 சதுர மீட்டர்னு வச்சாலும் 1 செமீக்கு 50 கிலோ, ராத்திரி 5 செமீ பேஞ்சா 250 கிலோ. மோட்டார் கனத்துல பின்பக்கம் ஏற்கனவே தாழ்ந்துதான் இருக்கும், காலையில படகு அடியிலதான் கிடக்கும்.

சிக்னலுக்கு சாட்டிலைட் மெசஞ்சர் வாடகைக்காவது எடுங்க, இல்லைன்னா பிஎல்பி, அதாவது ஆபத்துல அமுக்குற கையடக்கக் கருவி, அது 406 மெகாஹெர்ட்ஸ்ல சாட்டிலைட் வழியா மீட்புக்காரங்களுக்குச் சேதி அனுப்பும். எதுவா இருந்தாலும் ஜாக்கெட் பாக்கெட்ல இருக்கணும், பைக்குள்ள இல்ல, படகு கவுந்தா பை தனியா போயிரும். எந்த இடம், எத்தனை பேர், படகு என்ன கலர், எத்தனை மணிக்குள்ள திரும்பலைன்னா யாரைக் கூப்பிடணும், எல்லாத்தையும் எழுதி வீட்டுல ஒருத்தர்கிட்ட குடுத்துட்டுப் போங்க.

புதுத்துடுப்பு:

முடிவு பண்ணிட்டோம். மேலாத்து இடம்தான், ஆனா டென்ட் மணல்ல இல்ல. சாட்டிலைட் படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தா மணல்திட்டுக்குப் பின்னாடி மரம் நிக்கிற ஒரு மேடு தெரியுது, ராத்திரிக்கு அங்க, பகல்ல விளையாட மணல். மேல ஒரு அணை இருக்குன்னு விசாரிச்சதுல தெரிஞ்சுது, போறதுக்கு முந்தின நாள் தண்ணி திறக்கிற நேரத்தைக் கேட்டுக்கலாம்னு இருக்கோம். கீழ தடுப்பணை இல்ல. தம்பி இந்த வாரமே படகை மட்டும் எடுத்துட்டுப் போய் ஓடுற தண்ணியில ஒதுக்கிப் பழகப் போறான், பெரிய கூலர் பாக்ஸும் 3 மடக்கு நாற்காலியும் வீட்டுலயே தங்குது.

தண்ணி மட்டம் பாக்குற குச்சி வேலையைப் பையன்கிட்ட குடுத்துட்டேன். ஒரு மீட்டர் நீளக் குச்சியில 5 செமீக்கு ஒரு கோடு போட்டு சிவப்பு, வெள்ளைன்னு மாத்தி மாத்தி பெயிண்ட் அடிச்சு, குறிச்சு வைக்க ஒரு நோட்டும் எடுத்து வச்சிருக்கான்.

கரையோரம்:

மேல ரிஃப்ளெக்டர் டேப் ஒரு சுத்து ஒட்டிக் குடுங்க தம்பி. ராத்திரி டென்ட்ல இருந்தே டார்ச் அடிச்சா தெரியும்.