குறைந்த காசில் பைனாகுலர்: 8×42 ஆ, 10×50 ஆ?

தம்பலகாமத்தான்
எங்கள் வயல் காட்டை ஒட்டி இருக்கிறது. பெரும்போகத்தில் கதிர் முற்றும் நேரம் காட்டுப்பன்றி இறங்கும், இடைக்கிடை யானையும் வரும். அப்பாவிடம் அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கு இருக்கிறது. ஆனால் மைமல் இருட்டில் வரம்பில் நிற்பது பன்றியா, எருமைக்கன்றா, குனிந்து மடை திறக்கிற ஆளா என்று பரணில் இருந்து பார்த்தால் தெரிவதில்லை. அது தெரியாமல் துவக்கைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. 35,000 ரூபாவுக்கு மேல் என்னால் முடியாது. டவுனில் ஒரு 10×50, ஒரு 8×42 பார்த்து வைத்திருக்கிறேன். இணையத்தில் 30×60 என்று ஒன்று 6,000 ரூபாவுக்கே கிடக்கிறது. எதை எடுக்கலாம்?

கோணமலைக்காற்று
யோசிக்கவே வேண்டாம், 10×50. உங்களுக்குத் தேவை மங்கல் வெளிச்சத்தில் விவரம். 10×50 என்றால் 10 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 50 மி.மீ. இந்த இரண்டு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்தி நேரத்துக்கான எண் வரும். 10×50 க்கு 22.4, 8×42 க்கு 18.3. பரணில் சாய்வுமரம் இருக்கும், முழங்கையை ஊன்றலாம், கை நடுக்கம் பிரச்சினை இல்லை. இந்த விலைக்குக் குழாய் வளைந்து முன்பக்கம் அகன்று நிற்கிற பழைய போரோ வடிவம்தான் நல்லது. படத்தை நிமிர்த்துகிற உள் அரியத்தைச் செய்வது அதில் சுலபம் என்பதால் அதே காசுக்கு நல்ல கண்ணாடி கிடைக்கும்.

நிலாவெளிக்காரன்
அண்ணா, நீங்கள் சொல்லும் எண்ணில் கண்ணாடியின் தரமே இல்லை. பிளாஸ்டிக் லென்ஸ் போட்ட விளையாட்டுச் சாமானுக்கும் அதே 22.4 தான் வரும். விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 8×42 இல் 5.25 மி.மீ., 10×50 இல் 5 மி.மீ. கண்ணுக்குள் வருகிற ஒளிக்கற்றையின் அகலம் அதுதான். ஆகவே மைமலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம். பிறகு எதற்கு 10×50 இன் பாரம்? அந்தப் போரோ ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரவு முழுக்கக் கழுத்தில் தொங்கப்போடுவது யார்?

இன்னொன்று, பார்வைப் பரப்பு. ஆயிரம் மீற்றரில் 8×42 சுமார் 130 மீற்றர் அகலம் காட்டும், 10×50 சுமார் 114. ஓடுகிற பன்றியைத் தேடிப்பிடிக்க அந்த வித்தியாசம் உதவும்.

கோணமலைக்காற்று
தம்பி, வெளிச்சம் ஒன்றுதான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்போது 10 மடங்கில் பெரிதாகத் தெரிவது எனக்கு இலாபம். 300 மீற்றரில் காதும் மூக்கும் தெரிந்தால்தானே பன்றி என்று முடிவெடுக்கலாம்? கோணேசர் கோயில் மலையில் நின்று திமிங்கிலம் பார்க்கவும் நான் இதைத்தான் கொண்டுபோகிறேன்.

நிலாவெளிக்காரன்
மலையில் சுவரில் சாய்ந்து பார்க்கலாம், வள்ளத்தில் நின்று பாருங்களேன். 10 மடங்கில் நடுக்கமும் 10 மடங்கு. அதனால்தான் கடலுக்கு 7×50 வைத்தார்கள்.

கோணமலைக்காற்று
வயலில் அலை அடிக்கிறதா?

சின்னக்குயில்
இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு அந்த 30×60 ஐ முதலில் தள்ளுங்கள். உண்மையிலேயே முன்கண்ணாடி 60 மி.மீ. இருந்தாலும், 30 ஆல் வகுத்தால் ஒளிக்கற்றை 2 மி.மீ. தான், மைமலில் இருட்டுத்தான் தெரியும். அந்த விலைக்கு வருவதில் கண்ணாடி சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவுதான், எண் மட்டும் பெரிது. சூம் வைத்தவையும் வேண்டாம். கண்ணாடி சிவப்பாக மின்னுகிறது என்று மயங்கவும் வேண்டாம். நல்ல பல அடுக்குப் பூச்சு மங்கலான பச்சை, ஊதா நிறத்தில்தான் தெறிக்கும்.

கடைக்குப் போகும்போது பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்று கொண்டுபோங்கள். பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து, முன்பக்கத்தை வெளிச்சமான வானத்துக்குக் காட்டினால், கண் வைக்கும் துளையில் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அதன் குறுக்களவை அளங்கள். 10×50 என்று எழுதியிருந்து வட்டம் 3 மி.மீ. தான் என்றால், உள்ளே வெளிச்சத்தை மறித்திருக்கிறார்கள் அல்லது எண் பொய். வட்டத்தின் ஓரம் சதுரமாக வெட்டுப்பட்டு மங்கினால், அரியம் நல்ல பாக்-4 கண்ணாடி இல்லை, மலிவான பிகே-7 கண்ணாடி. அடுத்து, தூரத்து அன்டெனாக் கம்பியைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தாலோ, கண் இழுத்துத் தலை வலித்தாலோ, இரு குழாயும் ஒரே திசையில் இல்லை. அதை வாங்கவே கூடாது.

மூதூர் வாத்தியார்
தம்பலகாமத்துத் தம்பி, அப்பாவுக்கு எத்தனை வயது? இளசுகளுக்கு இருட்டில் கண்மணி 7 மி.மீ. வரை விரியும். ஐம்பது, அறுபதில் பலருக்கு 5 மி.மீ. அளவோடு நின்றுவிடும். அதற்கு மேல் வருகிற வெளிச்சம் கண்ணுக்குள் போகாது, 7×50 வாங்கினாலும் வீண். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால், கண்ணைத் தள்ளி வைத்தும் முழு வட்டம் தெரிய 15 மி.மீ. தூரமாவது வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். மான், மரை எல்லாம் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறவை. நிற்பது மரை என்று தெரிந்தால், துவக்கு கீழே இருக்கட்டும். நிலா இல்லாத இரவில் சாதாரணப் பைனாகுலர் பெரிதாக ஒன்றும் காட்டாது, அதற்கு இரவில் பார்க்கிற கருவி என்று வேறு சாமான் இருக்கிறது. கடற்படை வளாகத்துப் பக்கம் இதைத் திருப்பிக்கொண்டு நிற்காதீர்கள்.

தம்பலகாமத்தான்
நன்றி ஐயா. அப்பாவுக்கு 61, கண்ணாடி போடுவார். ஐப்பசி கார்த்திகை மழைக்கு எது தாங்கும்? முன்பு ஒருவரிடம் இரவல் வாங்கியதில் உள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

நிலாவெளிக்காரன்
இங்குதான் நேர்க்குழாய் 8×42 முன்னுக்கு வரும். நைதரசன் நிரப்பி அடைத்தது என்றால் ஈரம் உள்ளே போகாது, உள்ளே பனிக்கவும் செய்யாது. நிக்கோன் அக்கியுலான், ஒலிம்பஸ் டிபிஎஸ் மாதிரி மலிவான போரோ எல்லாம் அடைத்தவை அல்ல.

கோணமலைக்காற்று
அந்த விலையில் அடைத்த நேர்க்குழாய் எடுத்தால், படத்தைக் கூர்மையாக்க அரியத்தில் போடுகிற கட்டப்பூச்சு பெரும்பாலும் இருக்காது, படம் கொஞ்சம் மழுங்கும். மழைக்குப் பயந்து பார்வையை விற்பதா? போரோவை வாங்கி, மூடி இறுகுகிற டின்னுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

நிலாவெளிக்காரன்
பரணில் மழை அடிக்கும்போது டின்னுக்குள் இருந்தால் யார் பார்ப்பது?

சின்னக்குயில்
நியாயம். கடைக்காரரிடம் கேட்டு இரண்டையும் பின்னேரம் ஆறு மணிக்கு வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்குள்ளே டியூப்லைட்டில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

தம்பலகாமத்தான்
சனிக்கிழமை அப்பாவையும் அடிமட்டத்தையும் கூட்டிக்கொண்டு போகிறேன். வட்டம் எவ்வளவு என்று அளந்து வந்து இங்கே போடுகிறேன்.

கோணமலைக்காற்று
அப்பா கையில் 10×50 ஐயும் கொடுத்துப் பாருங்கள். அவர் 8×42 தான் என்றால் நான் பேசமாட்டேன். நிலாவெளித் தம்பி சொன்னால் பேசுவேன்.