'பை வென்', 'டில் வென்', 'ஹவ் சூன்': வரப்போவதைக் கேட்க எந்தச் சொல்?

ஆவணப்பிரிவு:
வணக்கம். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். லண்டன் வாடிக்கையாளர் ஒருவர் தர வேண்டிய தாள்கள் எந்த நாளுக்குள் வந்து சேரும் என்று அறிவதற்காக, 'டில் வென் வில் யூ செண்ட் த டாக்குமெண்ட்ஸ்?' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். அனுப்புவதை என்றைக்கு நிறுத்தப்போகிறீர்கள் என்று நான் கேட்பதாக அவர் எடுத்துக்கொண்டு, இன்னும் அனுப்பவே தொடங்கவில்லையே என்று பதில் எழுதியிருந்தார். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறோம். 'வென்', 'பை வென்', 'டில் வென்', 'ஹவ் சூன்', 'ஹவ் லாங்' ஆகிய ஐந்தில் எந்த இடத்துக்கு எது பொருந்தும்?

பழைய வகுப்பறை:
இதில் தமிழர் தடுமாறுவதற்குக் காரணமே இல்லை என்பதுதான் வேடிக்கை. 'வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவேன்' என்பதையும் 'வெள்ளிக்கிழமை வரை அனுப்புவேன்' என்பதையும் நாம் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. முன்னது ஒருமுறை நடந்து முடியும் செயலுக்குக் கெடு வைக்கிறது, பின்னது அந்த நாள் வரும்வரை தொடர்ந்து நடக்கும் செயலைச் சொல்கிறது. ஆங்கில 'பை' நம்முடைய 'க்குள்'; 'டில்', 'அன்டில்' இரண்டும் நம்முடைய 'வரை'. இந்தியில் 'தக்' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்ப்பதால், 'கப் தக்' (எப்போது வரை, எப்போதைக்குள் என்ற இரண்டுக்கும் அதுவே) என்று நினைத்து ஆங்கிலம் எழுதுபவர் எளிதாக 'டில் வென்' என்று எழுதிவிடுவார். அலுவலக ஆங்கிலம் கைமாறி வரும்போது அந்தப் பழக்கம் நம்மிடமும் ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம்.

'பை வென்' பிழையில்லை, ஆனால் அது கெடு கேட்கும் சொல் என்பதால் வாடிக்கையாளரிடம் சற்றுக் கறாராக ஒலிக்கும். நாள் தெரிந்தால் போதும் என்றால் 'வென்' போதும். 'ஹவ் சூன்' என்று கேட்டால், எனக்கு அவசரம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறீர்கள். இந்த 'சூன்' பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்றே பொருள்பட்டது. பிறகுதான் 'சீக்கிரம்' என்று தளர்ந்தது. 'இதோ வந்துவிட்டேன்' என்று இறந்தகாலத்தில் சொல்லிவிட்டு அரைமணி நேரம் கழித்து வரும் நாம் அதைக் குறை சொல்ல முடியாது.

மழைக்கோட்டு:
என்னை மாட்டிவிட்டது 'ஹவ் லாங்' தான். பணி நிமித்தமாக மான்செஸ்டருக்குப் போய் மூன்றாம் நாள், உடன் வேலை செய்பவர் 'ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?' என்று கேட்டார். வந்து எத்தனை நாளாகிறது என்று கேட்கிறார் என நினைத்து 'த்ரீ டேஸ்' என்றேன்; அதற்குள்ளாகவா கிளம்புகிறீர்கள் என்று அவர் வருத்தப்பட்டார். நானோ ஆறு மாதம் தங்க வந்தவன். 'ஆர் யூ' என்று நிகழ்காலத்தில் இருந்தாலும் அது 'எத்தனை நாள் இருப்பீர்கள்?' என்ற வருங்காலக் கேள்வி. 'எத்தனை நாளாக இருக்கிறீர்கள்?' என்பதற்கு 'ஹவ் லாங் ஹாவ் யூ பீன் ஹியர்?' என்று கேட்க வேண்டும். நமக்கு 'ஆக' என்ற ஈறு செய்து தரும் வேலையை அங்கே வினைச்சொல் செய்கிறது. இதைவிடக் குழப்புவது, 'ஹவ் லாங் வில் யூ பீ?' என்று ஒருவர் வாசலில் நின்று கேட்பது: பெரும்பாலும் அதற்கு, வர இன்னும் எவ்வளவு நேரமாகும் என்றே பொருள்.

பழைய வகுப்பறை:
நல்ல எடுத்துக்காட்டு. 'வென்' என்ற சொல்லிலேயே இன்னொரு பள்ளம் இருக்கிறது. 'டெல் மீ வென் ஹி வில் கம்' என்றால் அவர் எப்போது வருவார் என்று இப்போதே சொல்லுங்கள் என்று பொருள். 'டெல் மீ வென் ஹி கம்ஸ்' என்றால், பெரும்பாலும், அவர் வந்ததும் சொல்லுங்கள் என்று பொருள். 'வில்' இருப்பதும் இல்லாததும் கேட்பவரை இன்று பதில் சொல்ல வைக்கலாம், அல்லது நாளை வரை காத்திருக்க வைக்கலாம்.

ஆவணப்பிரிவு:
இருவருக்கும் நன்றி. 'வென் கேன் வி எக்ஸ்பெக்ட் த டாக்குமெண்ட்ஸ்?' என்று திருத்தி அனுப்பினேன். 'இன் டூ டேஸ்' என்று பதில் வந்திருக்கிறது. இது இரண்டு நாளுக்குள் என்றா, இரண்டு நாள் கழித்தா?

பழைய வகுப்பறை:
கழித்து என்றே கொள்ளுங்கள். இரண்டு நாளுக்குள் என்றால் 'விதின்' என்று எழுதியிருப்பார். 'கழித்து' என்பதை நாம் 'ஆஃப்டர் டூ டேஸ்' என்று எழுதிப் பழகியிருக்கிறோம். இன்றிலிருந்து எண்ணும்போது அவர்கள் 'இன்' என்பார்கள். இன்று புதன்கிழமை என்பதால் வெள்ளிக்கிழமையன்று எதிர்பார்க்கலாம். உறுதிப்படுத்தக் கேட்பதானால் 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்று மட்டும் எழுத வேண்டாம். அது வரும் வெள்ளியா அடுத்த வாரத்து வெள்ளியா என்பதில் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. தேதியை எழுதி, மாதத்தை எண்ணால் குறிக்காமல் எழுத்தால் குறியுங்கள்.